நிரந்தர முகவரி எது? இலங்கை முஸ்லிம்களின் இரு இடப்பெயர்வுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஷவ்வால் மாதத்தில் எமது மத்ரஸாவுக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்கும்போது பதிவேடு ஒன்றை நிரப்புகிறோம். மாணவன் பெயர், தந்தை பெயர், பிறந்த திகதி என்று வரிசையாக எழுதிவரும் தகப்பன்மார் பலர் ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்திவிடுவர். அந்தக் கட்டத்தின் தலைப்பு 'நிரந்தர முகவரி'. சிலர் எருக்கலம்பிட்டி என்பர். சிலர் தில்லையடி என்பர். சிலர் இரண்டையும் எழுதி, எதை மேலே எழுதுவது என்று எம்மையே கேட்பர். மாணவனோ புத்தளம் வைத்தியசாலையில் பிறந்தவன். எருக்கலம்பிட்டியைப் பெருநாள் விடுமுறையில் நான்கைந்து தடவை கண்டிருப்பான். அவனுடைய தகப்பனே அங்கிருந்து கைக்குழந்தையாக வந்தவராக இருக்கவும் கூடும்.

ஒரு நாட்டுக்குள்ளேயே மக்கள் ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொரு பிரதேசத்துக்குப் பெயர்வது உலகெங்கும் நடப்பது. பிழைப்பைத் தேடிச் செல்வோரும் உண்டு. துரத்தப்பட்டுச் செல்வோரும் உண்டு. இலங்கை முஸ்லிம்கள் இன்று எந்தெந்த மாவட்டங்களில் எவ்வளவு தொகையினராக வாழ்கிறோம் என்பதைத் தீர்மானித்த நிகழ்வுகளுள் இரண்டு, துரத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கிடையே 364 ஆண்டுகள் கிடக்கின்றன. முதலாவதை நாம் மறந்துவிட்டோம். இரண்டாவது எமது பதிவேட்டின் கட்டத்தில் வந்து நிற்கிறது.

முதலாவது 1626இல் நிகழ்ந்தது. இலங்கையின் மேற்குக் கரையோரம் அப்போது போர்த்துக்கேயரின் பிடியில் இருந்தது. கொழும்பு முதலிய துறைகளில் தலைமுறைகளாக வியாபாரம் செய்துவந்த சோனகர் அவர்களுக்கு வணிகப் போட்டியாளர். அதனோடு மார்க்கப் பகைவர். தளபதி கொன்ஸ்தந்தீன் த சா காலத்தில், தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் கட்டளையை அவர்கள் நிறைவேற்றினர். போக்கிடமின்றி நின்றவர்களைக் கண்டி மன்னர் செனரத் ஏற்றுக்கொண்டார். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார் என்று போர்த்துக்கேயர் எழுதிய வரலாறே சொல்கிறது.

மன்னரின் செயலைக் கருணை என்று மட்டும் வாசித்தால் பாதியைத்தான் வாசித்தவர்களாவோம். திருகோணமலையில் போர்த்துக்கேயர் ஏற்கெனவே கோட்டை கட்டியிருந்தனர். மட்டக்களப்பிலும் 1628இல் கட்டிவிட்டனர். கண்டி இராச்சியத்துக்குக் கடலோடு இருந்த வாசல் கிழக்குக் கரை ஒன்றே. அங்கே தமக்கு விசுவாசமான, வயலை உழவும் வணிகத்தை நடத்தவும் வேண்டுமானால் காவல் நிற்கவும் கூடிய குடிகள் மன்னருக்குத் தேவைப்பட்டனர். வந்தவர்களுக்கோ ஒதுங்க நிலம் தேவைப்பட்டது. இரு தேவைகளும் சந்தித்தன. மலைநாட்டிலும் இவ்வாறே தவளம் எனப்படும் பொதிமாட்டுப் போக்குவரத்திலும் மருத்துவத்திலும் முஸ்லிம்களுக்குக் கண்டி அரசு இடம் கொடுத்திருந்தது.

கிழக்கில் அதற்கு முன்னரும் முஸ்லிம்கள் இருந்தனர். இன்றைய கிழக்கு முஸ்லிம்கள் அனைவரும் அந்த 4,000 பேரின் வழித்தோன்றல்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் கடற்கரை வணிகர்களாக இருந்த ஒரு கூட்டம் நெல் விவசாயிகளாக மாறியதை இங்கே காண்கிறோம். தென்மேற்குக் கரையில் கடைக்காரராக அறியப்படும் சோனகர், சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பூமிக்காரர். அயலில் வாழ்ந்த முக்குவரோடு பழகியதில் தாய்வழிக் குடிமுறையும் அவர்களிடம் வேரூன்றியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில்கூடக் குடிக்கொருவர் என்று மரைக்காயர்மாரைத் தெரிவுசெய்யும் வழக்கம் அங்கே உண்டு. மகளுக்கு வீடு எழுதி மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கண்டு, வேறு பகுதியிலிருந்து பெண் எடுக்கப் போனவர்கள் வியந்துபோய் வந்து எம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று இந்நாட்டு முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கிழக்கு மாகாணத்தில் வாழ்கிறார். காத்தான்குடியாரிடமோ கல்முனையாரிடமோ நிரந்தர முகவரி கேட்டால் அவர்கள் பேனாவை நிறுத்துவதில்லை.

இரண்டாவது இடப்பெயர்வு 1990 ஒக்டோபரில் நடந்தது. அப்போது நாம் பத்து வயதை எட்டியிராத சிறுவராகப் புத்தளத்தில் ஓதிக்கொண்டிருந்தோம்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டு, நூற்றுக்கும் அதிகமானோர் ஷஹீதாயினர். சில நாட்களில் ஏறாவூர். அதே மாதங்களில் கிழக்கின் தமிழ்க் கிராமங்களும் எரிந்தன, தமிழர்களும் கொல்லப்பட்டனர், அவற்றில் ஊர்காவல் படையிலிருந்த நம்மவர் சிலருக்கும் பங்கிருந்தது. எமது மேடைகளில் இதனைச் சொல்வதை நாம் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறோம். ஒரு வரலாற்றை எழுதத் துணிந்தால் பாதியை மறைக்க முடியாது.

வடக்கில் அத்தகைய மோதல் எதுவும் நிகழவில்லை. யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் தையற்காரரும் இரும்புக் கடைக்காரரும் நகை வியாபாரிகளும் தமிழ் அயலவரோடு வாழ்ந்துகொண்டிருந்தனர். இலங்கையின் முதல் முஸ்லிம் சிவில் சேவை அதிகாரியும் பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபருமான ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் பிறந்த மண் அது. மன்னார் மாவட்டத்தில் 1981 கணக்கெடுப்பின்படி நால்வரில் ஒருவருக்கும் சற்றுக் கூடுதலாக முஸ்லிம்கள் இருந்தனர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என்று ஊர்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று.

ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் வெளியேற்றம் தொடங்கியது. பின்னர் மன்னார். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒரு மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டனர். கையில் 150 ரூபாய்க்கு மேல் கொண்டுபோகக் கூடாது. நகைகள் சோதனைச் சாவடிகளில் கழற்றப்பட்டன. வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் சில நாட்களுக்குள் ஒரு முஸ்லிம் குடும்பமும் எஞ்சவில்லை. எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் பெயர்ந்தனர். தமிழ் அயலவர் பலர் அழுதனர் என்றும், சிலர் வீட்டுத் திறப்புகளை வாங்கிப் பத்திரப்படுத்த முன்வந்தனர் என்றும் வந்தவர்கள் எம் வீட்டுத் திண்ணையிலிருந்து சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மாரி மழைக் காலம் அது. மன்னார்த் தீவிலிருந்து படகுகளில் ஏற்றப்பட்டவர்கள் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். யாழ்ப்பாணத்தார் வவுனியா வழியாக நடந்தும் லொறிகளிலும் வந்து சேர்ந்தனர். எமது பாடசாலை மூடப்பட்டது. வகுப்பறைகளில் குடும்பங்கள் இருந்தன. பள்ளிவாசல் விறாந்தைகளில் பாய்கள் விரிக்கப்பட்டன. எமது வீட்டுப் பின்விறாந்தையில் மூன்று குடும்பங்கள். உம்மா விடியற்காலையில் பெரிய சட்டியில் சோறாக்கி, சம்பல் அரைத்து, பள்ளிவாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் எமக்குத் தந்தார். சிறுவர்களாகிய எமக்கு அது ஏதோ கந்தூரி போலத் தோன்றியது. விருந்தாளிகள் போகவில்லை என்பது பெருநாள் வந்தபோதுதான் எமக்கு உறைத்தது.

பல மாதங்கள் புத்தளத்து ஏழையும் செல்வரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். அந்நாட்களில் மிம்பர்களில் ஒலித்த சொற்கள் முஹாஜிர், அன்ஸார் என்பவை. மதீனாவில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்ததும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) பரகத்துக்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டதும் ஜும்ஆக்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டன. அதே சரிதையின் இன்னொரு பகுதியைச் சொன்னவர்கள் குறைவு. அன்ஸார்கள் முஹாஜிர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்திருந்த பேரீச்ச மரங்கள், கைபருக்குப் பின் முஹாஜிர்களுக்குச் சொந்த வருவாய் கிடைத்ததும், திருப்பிக் கொடுக்கப்பட்டன. மதீனாவில் விருந்தோம்பலுக்கு ஓர் எல்லை இருந்தது; வந்தவர்கள் தம் காலில் நிற்பதற்கு வழியும் செய்யப்பட்டது. புத்தளத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. நாடு போரில் இருந்தது. அரசு உலர் உணவு நிவாரணம் கொடுத்து, 'தற்காலிக நலன்புரி நிலையம்' என்று பெயர்ப்பலகை வைத்தது. தற்காலிகம் இருபது ஆண்டுகளாக நீண்டது.

ஆகவே மனக்கசப்பு வந்தது, வந்திராவிட்டால்தான் வியப்பு. கிடுகுக் கொட்டில்களில் இருந்தவர்கள் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் குறைந்த கூலிக்கு வேலைக்குப் போயினர். உள்ளூர்க் கூலியாளின் கூலியும் அதனோடு விழுந்தது. கிணறுகள் போதவில்லை. வடக்கிலிருந்து ஆசிரியர்கள் பலர் வந்திருந்தனர். அவர்களின் பிள்ளைகள் நன்கு கற்றனர். மாவட்டக் கோட்டாவில் பல்கலைக்கழக இடங்களை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று எம்மவர் குறைப்பட்டனர். அதே ஆசிரியர்களிடம் எம்மவரின் பிள்ளைகளும் கணிதம் கற்றார்கள் என்பதைச் சொல்ல மறந்தனர். நிவாரணம் அவர்களுக்கு, வறுமை நமக்கு என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் கேட்டது. 'அகதி' என்னும் சொல் முதலில் இரக்கத்தோடு சொல்லப்பட்டுப் பின்னர் ஏச்சாக மாறியதை நாம் எம் காதுகளால் கேட்டோம். வகுப்பில் ஒருமுறை நாமே அச்சொல்லை ஒரு சகமாணவன்மீது வீசியிருக்கிறோம். அவன் அழவில்லை. அடுத்த வாரம் வேறு பாடசாலைக்குப் போய்விட்டான்.

எண்களும் இதனைக் காட்டுகின்றன. 1981இல் புத்தளம் மாவட்டத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முஸ்லிம். 2012இல் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் பத்தாயிரத்துக்கும் மேலாக இருந்த முஸ்லிம்கள் 2012இல் இரண்டாயிரமளவிலேயே இருந்தனர். இடையில் 2001இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு போரின் காரணமாக வடக்கை முழுமையாகத் தொடவில்லை. முப்பத்தோராண்டுகள் இந்நாடு தன்னை முழுதாக எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிய வேளையில் ஒரு சமூகம் ஓரிடத்திலிருந்து மறைந்து இன்னோரிடத்தில் பெருகியிருந்தது.

2002 சமாதானக் காலத்தில் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் இவ்வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் திகதி பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஓர் உடன்பாட்டில் ஒப்பமிட்டனர். மீளச் சென்றவர்கள் சிலரே. போர் மறுபடி வந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர்தான் திரும்புதல் என்பது உண்மையான கேள்வியாயிற்று. அங்கே புதிய சிக்கல்கள் காத்திருந்தன. இருபதாண்டுகள் ஆளில்லாத நிலத்தைக் காடு எடுத்துக்கொண்டிருந்தது. காட்டை வனத் திணைக்களம் எடுத்துக்கொண்டிருந்தது. முசலிப் பகுதியில் மரிச்சுக்கட்டி முதலிய ஊர்களில் பற்றையை வெட்டியபோது, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்ற குரல் தெற்கிலிருந்து எழுந்தது. சில வீடுகளில் வேறு குடும்பங்கள் இருந்தன. அவர்களும் வேறெங்கிருந்தோ போரால் துரத்தப்பட்டவர்கள். குடும்பங்களும் பெருகியிருந்தன. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பங்களாகத் திரும்பினால் ஒரு வளவு எப்படிப் போதும்?

மக்கா வெற்றியின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம், தங்கள் வீட்டில் தங்குவீர்களா என்று கேட்கப்பட்டது. அகீல் எமக்கு வீடு எதையும் விட்டுவைத்திருக்கிறாரா என்னும் பொருளில் அன்னார் பதிலளித்தார்கள். ஹதீஸ் வகுப்பில் இவ்விடத்துக்கு வரும்போது, எருக்கலம்பிட்டிப் பின்னணியுள்ள மாணவர்கள் தலைநிமிர்ந்து பார்ப்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறோம். ஹிஜ்ரத்தின் சட்டங்கள் வேறு, இவர்களின் நிலை வேறு என்பதை அப்போதே விளக்கிவிடுகிறோம். முஹாஜிர்கள் தாயகத்தை அல்லாஹ்வுக்காக விட்டவர்கள். அங்கே மீண்டும் குடியேறாமையே அவர்களுக்கு உரியதாக இருந்தது. வடபுலத்தாரை நாம் முஹாஜிர்கள் என்று அழைத்தது அன்பினால்தான். ஆயினும் அச்சொல், திரும்பிப் போகும் உரிமையை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்பது போன்றதோர் எண்ணத்தையும் எமக்குள் விதைத்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் எதனையும் விடவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

ஃபிக்ஹிலும் இக்கேள்வி வருகிறது. மன்னாரில் வளவும் புத்தளத்தில் குடும்பமும் உள்ள ஒருவர் எம்மிடம் வந்து, "ஹஸரத், நான் அங்க போனா கஸ்ரு தொழுவதா, முழுசாத் தொழுவதா?" என்று கேட்டார். தூரம் கஸ்ருக்குப் போதுமானதே. ஆனால் போய்ச் சேரும் இடம் அவருடைய வத்தன் என்றால் அவர் அங்கே பயணியல்லர். வத்தன் என்பது பிறந்த இடத்தையோ உறுதிப் பத்திரத்தையோ வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு வாழும் இடமே வத்தன் என்று விளக்கினோம். "அப்ப எண்ணத்தச் சொல்லுங்க" என்றோம். அவர் நீண்ட நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பிள்ளைகள் படிச்சு முடியட்டும் ஹஸரத், அப்புறம் சொல்றேன்" என்றார். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டனர். இப்போது பேரப்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

வாக்குரிமை இதைவிடக் கடினமானது. பலர் வாக்காளர் இடாப்பில் மன்னாரிலேயே தம் பெயரை வைத்துக்கொண்டனர். அதை வெட்டினால் அங்கே தமக்குப் பிரதிநிதியும் காணி உரிமைக்கான சான்றும் போய்விடும் என்னும் அச்சம் அவர்களுக்கு. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலன்று அதிகாலையில் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் புறப்பட்ட பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் வழிமறிக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காயின. உயிரிழப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். சொந்த நாட்டில், சொந்த ஊரில் ஒரு புள்ளடியிட இரவோடிரவாக இத்தனை மைல் போகவேண்டிய நிலையை, 1990ஐக் கண்டிராத இளைஞர்கள் அன்று அனுபவித்தனர். புத்தளத்தில் பதிந்துகொண்டாலோ, எங்கள் சபை ஆசனங்களைப் பிடிக்கிறார்கள் என்று எம்மவருள் சிலர் சொல்வர். இரு இடத்திலும் குற்றம் காணப்படுபவர் எங்கேதான் பதிவார்?

1626ஐ 1990க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு வேறுபாடு எமக்குத் தெளிவாகத் தெரிகிறது. செனரத் மன்னர் நிலத்தைக் கொடுத்தார். அந்த நிலத்தில் வரி கொடுக்கவும் வேலை செய்யவும் கடமையையும் கொடுத்தார். அதனால் வந்தவர்கள் ஓரிரு தலைமுறைக்குள் குடிகளாயினர். 1990க்குப் பின்னர் கொடுக்கப்பட்டது நிவாரண அட்டை. நிலத்தை வடபுலத்தார் தாமே, பத்துப் பேர்ச் இருபது பேர்ச்சாக, எம்மவரிடமிருந்து விலைக்கு வாங்கினர். விற்ற எம்மவர் ஆதாயமும் அடைந்தனர். 2007 வாக்கில் உலக வங்கியின் உதவியோடு முகாம் வாசிகளுக்கு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, பதினேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. வீடு கிடைத்தால் வடக்கு உரிமை போய்விடுமோ என்று தயங்கியவர்களும் உண்டு. இங்கே வேரூன்ற உதவுவதையும் அங்கே திரும்ப உதவுவதையும் எதிரெதிராக நிறுத்தியது நிருவாகம் செய்த பெரும் பிழை என்பது எம் கருத்து. ஒரு மனிதனுக்கு இரண்டு ஊர் இருக்கலாம். கொழும்பில் கடையும் காலியில் வீடுமாக வாழும் நம்மவரிடம் யாரும் ஒன்றைக் கைவிடச் சொல்வதில்லை.

எமது பள்ளிவாசல் மையவாடியின் வடக்கு ஓரத்தில் 1990 மாரியில் அடக்கப்பட்ட சிறு கப்றுகள் சில உள்ளன. வந்திறங்கிய முதல் வாரங்களில் காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மௌத்தான குழந்தைகள். அவற்றை அடுத்து முப்பது ஆண்டுகளில் மௌத்தான பெரியவர்களின் வரிசை நீள்கிறது. மன்னாருக்கு மீளப்போய்க் குடியேறிவிட்ட ஒரு முதிய தாயார் ஆண்டுதோறும் பஸ் ஏறி வந்து எமது வீட்டில் இரண்டு நாள் தங்குகிறார். அவருடைய மகன் அந்த வடக்கு ஓரத்தில் இருக்கிறான். சென்ற ரஜப் மாதத்தில் வந்தபோது, தன்னை எங்கே அடக்கச் சொல்லி வஸிய்யத் எழுதுவது என்று எம்மிடம் கேட்டார். மௌத்தாகும் ஊரிலேயே அடக்குவதுதான் சிறந்தது என்று கிதாபில் உள்ளதைச் சொன்னோம். "அப்ப கடைசி நாளையில இங்க வந்து இருந்துக்கிறேன்" என்றார். பின்விறாந்தை அறையை அவருக்காக ஒழித்து வைத்திருக்கிறோம்.